மாணவர் எழுத்தைப் படிப்பவர் யார்?



பயிற்சி ஆசிரியர்கள் பலர் இன்று பல்லூடகச் செயல்திட்டங்களைச் செய்கின்றனர். எழுத்து, படம், குரல், அசைவு ஆகியவற்றை இணைத்து மாணவர்களைப் படைக்கச் செய்கின்றனர். பின்னர்ச் சிந்தனை மீட்சி எழுதுகின்றனர். எந்தக் கருவியைப் பயன்படுத்தினோம் என்பது அதில் விரிவாக இடம்பெறும். மாணவர் படைத்ததைப் படித்தவர் யார் என்பது பெரும்பாலும் இடம்பெறாது. புள்ளி வழங்கியதும் படைப்பு உறங்கிவிடுகிறது.

இக்கேள்விக்குச் செயலால் விடை தந்தவர் பிரெஞ்சு ஆசிரியர் செலஸ்தேன் ஃபிரெனே. 1896இல் பிறந்த அவர், முதல் உலகப் போரில் நுரையீரலில் காயமுற்றவர். 1920இல் தென் பிரான்சின் பார் சூர் லூ என்னும் சிற்றூர்ப் பள்ளியில் பணியேற்றார். நெடுநேரம் உரத்துப் பேசி விளக்கம் தர அவர் உடல் இடந்தரவில்லை. ஆதலால், மாணவர்களை வெளியே அழைத்துச் சென்றார். வயலையும் நெசவாளரையும் கண்டு திரும்பியவர்கள் கண்டதை எழுதினர்.

1924 அளவில் சிறிய அச்சுப்பொறி ஒன்று வகுப்பறைக்கு வந்தது. மாணவர்களே எழுத்துகளை அச்சுக் கோத்தனர், தாமே அச்சிட்டனர். ஓர் எழுத்து தவறினாலும் அச்சில் தெரிந்துவிடும். எனவே, பிழை திருத்தம் தண்டனையாக இல்லாமல் தேவையாக மாறியது. அச்சிட்ட தாள்கள் பிரான்சின் மேற்குக் கடலோரச் சிற்றூரான திரேகங் பள்ளிக்கு அஞ்சலில் சென்றன. அங்கிருந்தும் தாள்கள் வந்தன. மலைப்புறச் சிறுவர்களுக்குக் கடலோரச் சிறுவர்கள் வாசகர்களானார்கள். ஃபிரெனே தம் அனுபவங்களை ஆசிரியர் இதழ்களில் எழுதினார். மற்ற ஆசிரியர்களும் அம்முறையைப் பின்பற்றினர். அவருடைய சிந்தனை மீட்சிக்கும் வாசகர்கள் இருந்தனர் அல்லவா?

ஆயினும், பொதுவெளிக்கு வரும் எழுத்து பகையையும் கொண்டுவரக்கூடும். ஃபிரெனே பின்னர் மாற்றலாகிச் சென்ற சென் போல் என்னும் ஊரில், ஊர்த்தலைவரைக் கொல்வதாகத் தான் கண்ட கனவை ஒரு மாணவன் எழுதினான், அதுவும் அச்சேறியது. 1932இல் அதனைச் சுட்டி எதிர்ப்பாளர்கள் பெரும் கண்டனம் எழுப்பினர். 1933இல் ஃபிரெனே அப்பள்ளியை விட்டு நீங்க நேர்ந்தது. எனினும் அவர் ஓயவில்லை. 1935இல் வான்ஸ் நகரில் சொந்தப் பள்ளியைத் திறந்தார். 1966இல் மறையும்வரை அப்பணியிலேயே இருந்தார்.

எழுதுவோருக்கு வாசகரைத் தேடித் தரும் முயற்சி நம் மண்ணுக்கும் புதிதன்று. 1950களின் தொடக்கத்தில் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினர். புதிதாக எழுத வந்தவர்களின் படைப்புகள் நாளிதழ் வழியாகவே ஆராயப்பட்டன. அதே காலக்கட்டத்தில் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ மாணவர் மணிமன்றத்தின் வழி இளையோர் எழுத்துக்கு இடமளித்தது. மலேசிய, சிங்கப்பூர் எழுத்தாளர்கள் பலர் இப்பயிற்சிக் களங்களில் உருவானவர்களே. அவர்களிடம் கணினி இல்லை. தம் எழுத்தைப் பிறர் படிக்கிறார்கள் என்ற உணர்வு இருந்தது.

இவ்வரலாறு பயிற்சி ஆசிரியர்களுக்குக் கூறுவது யாது? செயல்திட்டத்தைத் திட்டமிடும்போது முதலில் வாசகரைத் தேடுங்கள்; கருவியைப் பின்னர்த் தேடலாம். தோட்டப்புறப் பள்ளி மாணவர்கள் ஒலிப்பதிவு செய்த பாட்டியின் கதையை நகர்ப்புறப் பள்ளி மாணவர்கள் கேட்டு மறுமொழி எழுதட்டும். அம்மறுமொழிக்காக ஒரு மாணவன் காத்திருந்தால், ஒற்றுப்பிழை திருத்த அவனை வற்புறுத்த வேண்டியதில்லை.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. பிள்ளையின் படைப்பு எதுவரை செல்கிறது, பெயரும் படமும் வெளியாகின்றனவா எனக் கேட்பது அவர்தம் உரிமை. ஃபிரெனேயின் மாணவன் எழுதிய கனவு அதற்கும் பாடமாகும். அச்சத்தால் கதவை அடைத்துவிடாமல், தக்க வாசகரைத் தேர்ந்து கொடுப்பதே நம் கடமை. வீட்டில் முதல் வாசகராக அமர்ந்து பிள்ளையின் படைப்பைப் படிக்க எந்தக் கருவியும் தேவையில்லை.