கண்ணாடி நீரும் பறக்கும் பொறியும்

காற்று அடங்கிய விடியற்காலையில் ஓர் ஏரியைப் பாருங்கள். கரையிலுள்ள மரமும் வானத்து முகிலும் அதில் தலைகீழாகத் தெரியும். மோதுவதற்கு மலையில்லை, கட்டடமில்லை, கம்பியுமில்லை. அந்த நீரின்மேல் தாழப் பறப்பதைப்போல் எளிய காரியம் வேறில்லை என்றே எவரும் எண்ணுவர். ஆயினும் அனுபவம் வாய்ந்த விமானிகள் சிற்றலை வீசும் நீரைக் காட்டிலும் இந்தக் கண்ணாடி நீருக்கே மிகுதியும் அஞ்சுவர். ஒளிப்படக் கருவியைச் சுமந்து செல்லும் டிரோன் என்னும் சிறு பொறியை இன்று பறக்கவிடும் இளைஞர் சிலர், அதனை நீருக்குப் பறிகொடுத்துவிட்டுக் கரையில் திகைத்து நிற்பதற்கும் இதில் பெரும் பங்குண்டு. மாணவர்களே, இந்த அச்சத்திற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

தரைமீது பறப்பவன் தன் உயரத்தை எவ்வாறு அறிகிறான்? மரம் இவ்வளவு, வீடு இவ்வளவு, மேயும் மாடு இவ்வளவு என்று அவன் கண் முன்பே பழகியிருக்கிறது. அவை பெரிதாகத் தோன்றினால் தாழ்ந்துவிட்டோம் என உணர்கிறான். அசையாத நீரில் அத்தகைய அடையாளம் ஒன்றுமில்லை. சொல்லப்போனால் கண் நீரின் மேற்பரப்பைக் காண்பதே இல்லை. அதில் படிந்த வானத்தையோ, அடியில் கிடக்கும் மணலையோதான் காண்கிறது.

கண் கைவிட்டால் கருவி இருக்கிறதே எனலாம். 1648-ஆம் ஆண்டில் பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞரின் வேண்டுகோளின்படி, அவருடைய தமக்கையின் கணவர் பாதரசக் குழாயுடன் பூய் த தோம் என்ற மலைமீது ஏறினார். மேலே செல்லச் செல்லக் குழாயில் பாதரசம் தாழ்ந்தது. விமானங்களிலுள்ள பழைய உயரமானி இந்தச் சோதனையின் வழித்தோன்றல்தான். ஆனால் அது அளப்பது காற்றின் அழுத்தத்தை. நீருக்கும் விமானத்துக்கும் உள்ள இடைவெளியை அது அறியாது. கடல்மட்டத்தருகே ஏறத்தாழ 8 மீட்டர் உயர்ந்தால் அழுத்தம் ஒரு மில்லிபார் குறையும். வானிலை மாறுவதால் மட்டுமே அழுத்தம் ஒரு மில்லிபார் ஏறி இறங்குவது அன்றாட நிகழ்ச்சி. இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் 8 மீட்டர் பிழையை எவரும் பொருட்படுத்தார். பத்து மீட்டர் உயரத்தில் அது உயிரையே வாங்கிவிடும்.

1910-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள், பிரான்சின் தென்பகுதியில் மார்த்திக் என்னும் ஊரையடுத்த உப்பேரியில் ஆன்ரி ஃபாப்ர் என்பவர் தம் விமானத்தை நீரிலிருந்தே எழுப்பினார். நீர் விமானங்களின் கதை அன்று தொடங்கிற்று. அவற்றை ஓட்டியவர்கள் விரைவிலேயே ஒரு பாடம் கற்றனர். கண்ணாடி நீரில் இறங்கும்போது உயரத்தைக் கண்ணால் மதிப்பிட முயலக் கூடாது, கரையோரமாக வரவேண்டும். கரையிலுள்ள புல்லும் கல்லும் உயரத்தைக் காட்டும். பின்னர் விமானத்தின் முகப்பைச் சற்றே நிமிர்த்தி, மிதவைகள் தாமே நீரைத் தொடும்வரை மெல்ல மெல்ல இறங்கவேண்டும். நீர் எங்கே என்று தேடாமல், நீர் வந்து தொடட்டும் எனக் காத்திருக்கும் முறை இது. பொறுமையுள்ளவருக்கே கைவரும்.

இறங்குவோருக்கு இது போதும். இறங்காமல், நீருக்கு மிக அருகில் ஒரே உயரத்தில் விரைந்து பறக்க வேண்டியவர் என்செய்வது? இவ்வினா இரண்டாம் உலகப் போரில் எழுந்தது.

ஜெர்மனியின் ரூர்த் தொழில் வட்டாரத்துக்கு நீரளித்த அணைகளை உடைக்கப் பிரிட்டிஷார் திட்டமிட்டனர். பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியியல் அறிஞர், நீர்ப்பரப்பில் தத்தித் தத்திச் செல்லும் குண்டு ஒன்றை அமைத்தார். சிறுவர்கள் குளத்தில் சில்லெறிவதை நாம் பார்த்திருக்கிறோமல்லவா? அதே வித்தைதான், சில்லின் எடைதான் நாலாயிரம் கிலோவுக்கு மேல். அது நிமிடத்திற்கு 500 முறை பின்னோக்கிச் சுழன்றவாறு விழவேண்டும். அணையிலிருந்து குறித்த தொலைவில், குறித்த வேகத்தில், நீர்மட்டத்துக்கு மேல் 60 அடி உயரத்தில் அதனை விடுவிக்கவேண்டும். லங்காஸ்டர் விமானத்தின் இறக்கைகள் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை 102 அடி. ஆகவே தன் இறக்கையின் அகலத்தைவிடக் குறைந்த உயரத்தில், விநாடிக்கு நூறு மீட்டர் வேகத்தில், இரவில், அசையாத நீரின்மேல் அது பறந்தாக வேண்டும்.

1943 மார்ச்சில் இதற்கென்றே 617-ஆம் விமானப் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. தலைவர் கை கிப்சனுக்கு அப்போது வயது 24. வாரக்கணக்கில் பயிற்சி நடந்தும் உயரத்தை மட்டும் எவராலும் உறுதியாகப் பிடிக்க முடியவில்லை. நுனியில் எடை கட்டிய கம்பியைத் தொங்கவிட்டு அளக்கலாமா என்று பார்த்தனர். வேகத்தில் கம்பி பின்னோக்கிக் கிடந்துவிட்டது. இறுதியில் பெஞ்சமின் லாக்ஸ்பைசர் என்ற அரசாங்க விஞ்ஞானி கூறிய வழி பலித்தது. விமானத்தின் அடியில் முன்னே ஒரு விளக்கும் பின்னே ஒரு விளக்கும் பொருத்தினர். 60 அடிக்குக் கீழே இரு கதிர்களும் ஒன்றையொன்று தொடுமாறு அவை சாய்த்து வைக்கப்பட்டன. வழிகாட்டும் அதிகாரி சன்னல் வழியே நீரை நோக்குவார். இரண்டு ஒளிவட்டங்கள் ஒட்டி நின்று 8 என்னும் இலக்கம்போல் தெரிந்தால் உயரம் சரி. விலகி நின்றால், ‘இறங்கு’, ‘ஏறு’ என்று குரல் கொடுப்பார்.

எவ்வளவு எளிய வழி! நீரில் அடையாளம் இல்லையா, நாமே ஓர் அடையாளத்தை அதன்மேல் இடுவோம் என்பதே அதன் உட்பொருள். ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. விமானிக்கு உயரத்தைக் காட்டிய அதே ஒளி, அணையின் கோபுரங்களில் காத்திருந்த பீரங்கி வீரருக்கு விமானத்தையும் காட்டிக்கொடுத்தது.

மே 16-ஆம் நாள் இரவு 19 விமானங்கள் புறப்பட்டன. பகைவரின் கருவிக் கண்ணுக்குத் தப்புவதற்காக வழிநெடுகத் தாழவே பறந்தன. ஜெஃப் ரைஸ் என்பவர் ஓட்டிய விமானம் ஹாலந்துக் கரையருகே கடலில் மோதியது. குண்டு பிய்த்துக்கொண்டு போயிற்று. வால்புறத்தில் புகுந்த நீரில் பின்புறத் துப்பாக்கி வீரர் மூழ்கப் பார்த்தார். எப்படியோ விமானம் மேலெழுந்து அனைவரும் நாடு திரும்பினர். போர்க்களத்தை எட்டுமுன்பே, குண்டடி எதுவும் படாமல், வெறும் நீரால் நேர்ந்த விபத்து இது.

மோனே, ஏடர் என்னும் இரண்டு அணைகள் உடைந்தன. எட்டு விமானங்கள் திரும்பவில்லை. 53 வீரர்கள் மாண்டனர். பள்ளத்தாக்குகளில் பாய்ந்த வெள்ளம் 1,300-க்கு மேற்பட்டோரை விழுங்கியது. அவர்களில் பெரும்பகுதியினர் ஜெர்மானியர் வலிந்து கொண்டுவந்து வேலை வாங்கிய அயல்நாட்டினர். நீய்ஹைம் ஊரருகே முகாமில் அடைக்கப்பட்டிருந்த பெண்கள் பலர் அதில் அடங்குவர். விளக்குகளின் நுட்பத்தை வியந்து பேசும் நூல்கள் இவர்களை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பொதுமக்களுக்குக் கடும் உயிர்ச்சேதம் விளையுமானால் அணைகளைத் தாக்கலாகாது என்ற பொதுவிதி 1977-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை இணைப்பில்தான் எழுத்தில் ஏறியது.

வானொலி அலையைக் கீழே அனுப்பி, அது மீளும் காலத்தைக்கொண்டு உயரத்தைக் கணிக்கும் கருவியும் அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் 1938-இலேயே அத்தகைய ஒன்றைச் செய்து காட்டியிருந்தது. பிற்காலத்துப் பெரு விமானங்களில் அது நிலைபெற்றுவிட்டது. ஆகவே அதனை விடுத்து ஒரு சிற்றுயிரிடம் வருவோம்.

1963-இல் ஹெரான், லிண்டவர் என்னும் இரு அறிஞர்கள், தேனீக்களை ஓர் ஏரிக்கு அக்கரையிலுள்ள உணவுக்குப் பறந்துசெல்லப் பழக்கிய சோதனையை வெளியிட்டனர். நீரில் சிற்றலை இருந்தபோது தேனீக்கள் நலமாகக் கடந்தன. நீர் கண்ணாடிபோல் இருந்தபோது அவை தாழ்ந்து தாழ்ந்து சென்று நீரிலேயே விழுந்தன! கீழே ஒரு மிதவைப் பாலம் அமைத்ததும் மறுபடி கடந்தன. தனக்குக் கீழேயுள்ள காட்சி எவ்வளவு விரைவாகப் பின்னோடுகிறது என்பதைக்கொண்டே தேனீ தன் பறப்பை ஒழுங்குபடுத்துகிறது என்பதை, ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்த இந்தியரான மண்டயம் சீனிவாசனும் அவர் குழுவினரும் பின்னாளில் விரிவாக விளக்கினர். பின்னோடும் காட்சியே இல்லாத நீரில் அந்தக் கணக்குத் தவறிவிடுகிறது.

இன்றைய டிரோனும் ஏறக்குறைய ஓர் இயந்திரத் தேனீதான். 2010-இல் பாரட் என்ற பிரெஞ்சு நிறுவனம் விற்ற டிரோனிலேயே, கீழ்நோக்கிய ஒளிப்படக் கருவியும், செவிக்கெட்டாத ஒலியை அனுப்பி உயரம் அளக்கும் கருவியும் இருந்தன. தரையில் இவை செம்மையாக உழைக்கும். தாழ நீரின்மேல் சென்றாலோ, டிரோனின் சுழல்விசிறி எழுப்பும் காற்றே நீரில் அலைவட்டங்களை உண்டாக்கும். அவ்வட்டங்கள் விலகி ஓடுவதைக் கண்ட கருவி, தானே நகர்வதாக எண்ணிப் பொறியை எதிர்ப்பக்கம் தள்ளக்கூடும். கதிரவனின் பிரதிபலிப்பும் அதனை மயக்கும். உள்ளேயிருக்கும் காற்றழுத்தமானியின் குறையை முன்பே கண்டோம்.

ஆதலால் பழகியவர்கள் உறுதியான தரையிலிருந்தே அதனை எழுப்புவர்; நீருக்கு மேல் சில மீட்டர் இடைவெளி விடுவர்; திரையை மட்டும் நம்பாது பொறியையே கண்ணால் தொடர்வர். படகிலிருந்து பறக்கவிடுவோர் மற்றொன்றையும் நினைவில் வைத்தல் வேண்டும். மின்கலம் தளர்ந்தாலோ தொடர்பு அறுந்தாலோ, டிரோன் தான் கிளம்பிய இடத்துக்குத் தானே திரும்பி இறங்கும். அதற்குள் படகு நகர்ந்திருக்கும். அங்கே நீர்தான் இருக்கும். அதனால் படகு நகருந்தோறும் திரும்பும் இடத்தை மாற்றிப் பதிவு செய்கின்றனர். மின்கலத்தில் நிறைய மிச்சம் இருக்கும்போதே பொறியை அழைத்து, ஆடும் படகின் தளத்தில் இறக்காமல், ஒருவர் கையை உயர்த்தி அடிப்புறமாகப் பற்றிக்கொள்கிறார். விசிறிகள் நின்ற பிறகே கையைத் தாழ்த்துகிறார்.