பறந்துபோன பூச்சிக்கு ஒரு பெயர்



சென்ற வாரம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, "சார், இது என்ன பூச்சி?" என்று கேட்டிருந்தார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே பதில் போட்டேன். அப்போது நினைவுக்கு வந்த ஒரு வரலாறு இது.

மலேசியாவின் சிலாங்கூரில் குவெக் ஹாக் பிங் என்பவர் பூச்சிகளைப் படமெடுப்பதில் ஆர்வமுள்ளவர். விஞ்ஞானி அல்ல. ஒருநாள் காட்டில் ஒரு கண்ணாடி இறக்கைப் பூச்சியைப் படமெடுத்தார். நம் விவசாயிகளுக்குத் தெரிந்த, அசுவினியைத் தின்னும் பச்சைப் பூச்சியின் குடும்பம்தான். படமெடுத்ததும் அது பறந்துவிட்டது. படத்தை ஃபிளிக்கர் தளத்தில் போட்டுவைத்தார்.

2011இல் கலிபோர்னியாவில் இருந்த ஷான் விண்டர்டன் என்ற பூச்சியியலாளர் அதைத் தற்செயலாகப் பார்த்தார். இறக்கை தொடங்கும் இடத்தில் கறுப்பு வரிகளும் நீலத் திட்டும் இருந்தன. அவர் அறிந்த எந்த இனத்திலும் அப்படி இல்லை. சக நிபுணர்களிடம் காட்டினார். அவர்களுக்கும் தெரியவில்லை.

ஆனாலும் உடனே பெயர் வைக்க முடியவில்லை. இறக்கை நரம்புகளையும் உடலின் நுண்ணுறுப்புகளையும் ஆராய ஒரு மாதிரி கையில் வேண்டும். பூச்சியோ பறந்து போயாயிற்று!

ஏறத்தாழ ஓராண்டு கழித்து, அதே இடத்துக்குப் போன குவெக்குக்கு அது மறுபடி கிடைத்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த ஸ்டீபன் புரூக்ஸுக்கு அனுப்பினார். புது இனம்தான் என்று உறுதியானது. வேடிக்கை என்னவென்றால், அதே பூச்சி ஒன்று அந்த அருங்காட்சியகச் சேகரிப்பிலேயே பல ஆண்டுகளாகப் பெயரில்லாமல் கிடந்திருக்கிறது.

மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 2012 ஆகஸ்டில் 'ஜூகீஸ்' ஆய்விதழில் வந்தது. பெயர் செமகிரைசா ஜேட். பச்சைக் கல்லை வைத்து வந்த பெயர் என்று தோன்றும். இல்லை, ஜேட் என்பது விண்டர்டனின் மகள் பெயர்.

அலமாரியில் பூச்சி இருந்தது. "இது என்ன?" என்ற கேள்விதான் இல்லை. அந்தக் கேள்வியை எழுப்பியது ஓர் ஆர்வலரின் படம்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் தீப்பெட்டிக்குள் ஒரு வண்டைக் கொண்டுவந்து, இதே கேள்வியைக் கேட்டான். "பாடத்தில் இல்லாததை எல்லாம் தூக்கிக்கொண்டு வராதே" என்று அதட்டி உட்கார வைத்தேன். உண்மை என்னவென்றால், எனக்குப் பெயர் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லக் கூச்சம். அதன்பின் அவன் எதையும் கொண்டுவரவில்லை. தம்பி, நீ இதைப் படித்தால், தப்பு என்னுடையது.

உங்கள் பிள்ளைகள் பூச்சியையோ சிலந்தியையோ காட்டினால் செருப்பைத் தேடாதீர்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் தெரிய ஒன்று என்று படமெடுக்கச் சொல்லுங்கள். இடம், தேதி, எந்தச் செடியில் இருந்தது என்பதையும் குறித்துவைக்கட்டும். பெயர் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டுச் சேர்ந்து தேடுங்கள்.

எனக்கும் அனுப்புங்கள். இப்போது நேரம் நிறைய இருக்கிறது.