ரத்தப் பரிசோதனையில் வரும் அந்த 'ஆஸ்திரேலியா' யார்? மஞ்சள் காமாலை வைரஸைப் பிடித்த ப்ளம்பெர்க்கின் கதை!

ரத்த தானம் செஞ்சிருக்கீங்களா? கர்ப்பிணி அக்காவை செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா? வளைகுடா வேலைக்காக மெடிக்கல் டெஸ்ட் எடுத்திருக்கீங்களா? இதில் எதைச் செய்திருந்தாலும், 'ஹெச்பிஎஸ்ஏஜி' என்ற பெயர் அந்த லேப் ரிப்போர்ட்டில் இருந்திருக்கும். பக்கத்தில் 'நெகட்டிவ்' என்று பார்த்ததும் மடித்து பையில் வைத்திருப்பீர்கள்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு நோபல் பரிசு இருக்கிறது. மஞ்சள் காமாலையைத் தேடியே போகாத ஒரு டாக்டர், அதன் வைரஸில் போய் மோதிய கதையும் இருக்கிறது. அவர் பெயர் பரூக் ப்ளம்பெர்க்.

யார் இந்த ப்ளம்பெர்க்?

1925 ஜூலை 28-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். முதலில் படித்தது இயற்பியல். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் வேலை. திரும்பி வந்து கொஞ்ச நாள் கணிதம். பிறகுதான் மருத்துவம். அதையும் முடித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டில் உயிர்வேதியியலில் டாக்டர் பட்டம். 'இந்தப் பையன் ஒரு இடத்துல நிக்க மாட்டான்போல' என்று நம் வீட்டில் சொல்லியிருப்பார்கள்.

ஆனால், அவர் மண்டைக்குள் ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஊர், ஒரே தண்ணீர், ஒரே கொசு. ஒருத்தருக்கு நோய் வருகிறது, பக்கத்து வீட்டுக்காரருக்கு வரவில்லை. ஏன்? மருத்துவ மாணவராக தென் அமெரிக்காவின் சுரினாமுக்குப் போனபோது பிடித்துக்கொண்ட கேள்வி இது. விடை, ரத்தத்தில் பரம்பரையாக வரும் புரத வித்தியாசங்களில் இருக்கலாம் என்று நினைத்தார். அதனால் உலகின் பல மூலைகளில் இருந்து ரத்த மாதிரிகளைச் சேர்த்தார்.

ஜெல்லில் விழுந்த ஒரு கோடு

அவர் பிடித்த வழி எளிமையானது. ரத்தம் உறையாத நோயான ஹீமோஃபிலியா உள்ளவர்களுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றுவார்கள். யார் யாருடைய ரத்தமோ உடம்புக்குள் வருவதால், பழக்கமில்லாத புரதங்களுக்கு எதிராக அவர்கள் உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்கி வைத்திருக்கும். அந்த ரத்தத்தின் சீரத்தையும், வேறொருவருடைய சீரத்தையும் ஜெல் தட்டில் எதிரெதிரே வைத்தால், எதிர்ப்பொருளும் அதற்கான புரதமும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு விழும்.

1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ப்ளம்பெர்க்கும் இளம் டாக்டரான ஹார்வி ஆல்டரும் இந்தச் சோதனையில் ஒரு விநோதமான கோட்டைப் பார்த்தார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த ஹீமோஃபிலியா நோயாளி ஒருவரின் ரத்தம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தோடு வினை புரிந்திருந்தது. அதற்குமுன் யாரும் விவரிக்காத புரதம். 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் வைத்து 1965-ல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். அப்போது அது வைரஸின் சட்டை என்று அவர்களுக்கே தெரியாது!

தப்பான வழி, சரியான ஊர்

ஆரோக்கியமான அமெரிக்கர்களிடம் இந்தப் புரதம் அரிது. லுகேமியா எனும் ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களிடம் அடிக்கடி இருந்தது. 'அப்போ இது லுகேமியா வரப்போவதைச் சொல்லும் அடையாளமோ?' என்று யோசித்த ப்ளம்பெர்க் குழு, லுகேமியா வரும் வாய்ப்பு அதிகமுள்ள டவுன் சிண்ட்ரோம் நோயாளிகளைச் சோதித்தது. அங்கேயும் நிறைய பேரிடம் இருந்தது. ஆனால், பெரிய விடுதிகளில் கூட்டமாக வாழ்ந்தவர்களிடம்தான் அதிகம். பரம்பரையாக வருவது என்றால், எங்கே வாழ்ந்தால் என்ன? கணக்கு இடித்தது.

1966-ல் முடிச்சு அவிழ்ந்தது. முதலில் நெகட்டிவாக இருந்த ஒரு நோயாளி, மறுபடி சோதித்தபோது பாசிட்டிவ். பிறப்பிலேயே வருவது இப்படி நடுவில் முளைக்காது. அவருடைய கல்லீரலைப் பரிசோதித்தால், ஹெபடைட்டிஸ்! அடுத்த வருடம் ப்ளம்பெர்க்கின் லேபில் வேலை செய்த டெக்னீஷியன் ஒருவருக்கே உடம்பு முடியாமல் போனது. தன் ரத்தத்தைத் தானே சோதித்தார். பாசிட்டிவ். சில நாளில் காமாலை வந்தது.

சாதாரணமாக 'தப்பு' என்று தூக்கிப் போட்டிருக்க வேண்டிய ஒரு ரிசல்ட்டை, 'ஏன் மாறுச்சு?' என்று கேட்டதுதான் ப்ளம்பெர்க்கின் பெரிய சாதனை.

ஒரு கோடு எத்தனை உயிர்களைக் காப்பாற்றியது?

ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்பது ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம். அதற்கு இன்றைய பெயர்தான் ஹெச்பிஎஸ்ஏஜி. 1970-களின் தொடக்கத்தில் ரத்த வங்கிகள் இந்தச் சோதனையை ஆரம்பித்ததும், ரத்தம் ஏற்றுவதால் வரும் காமாலை குறைந்தது.

1969-ல் ப்ளம்பெர்க்கும் இர்விங் மில்மனும் இன்னொரு படி மேலே போனார்கள். நோயாளியின் ரத்தத்தில் முழு வைரஸைவிட வெறும் உறைகள்தான் ஏராளம். அந்தக் காலி உறைக்கு நோயைத் தரும் சக்தி கிடையாது. ஆனால், உடம்புக்கு எதிரியின் முகத்தைக் காட்டிக்கொடுக்கும். அதைச் சுத்திகரித்தால் தடுப்பூசி ரெடி! இந்த யோசனையில் பிறந்த தடுப்பூசிக்கு அமெரிக்காவில் 1981-ல் அனுமதி கிடைத்தது. 1986-ல், மனித ரத்தமே தேவைப்படாமல் ஈஸ்ட்டில் தயாரிக்கும் தடுப்பூசி வந்தது.

நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி, கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடும். அதனால் இதை முதல் புற்றுநோய்த் தடுப்பூசி என்றே சொல்கிறார்கள். 1984-ல் பச்சிளம் குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்த தைவானில், குழந்தைகளின் கல்லீரல் புற்றுநோய் பிற்பாடு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

ப்ளம்பெர்க்குக்கு 1976-ல் நோபல் கிடைத்தது. அன்று கூட இருந்த ஹார்வி ஆல்டருக்கு, ஹெபடைட்டிஸ் சி ஆய்வுக்காக 2020-ல் கிடைத்தது. ப்ளம்பெர்க் பிறந்த ஜூலை 28-தான் இன்று உலக ஹெபடைட்டிஸ் தினம்.

நம்ம ஊர் கீழாநெல்லி கனெக்‌ஷன்

'காமாலைக்கு கீழாநெல்லி' என்பது பாட்டி வைத்தியம். ப்ளம்பெர்க் இதையும் கேலி செய்யாமல் ஆராய்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவோடு அவர் சேர்ந்து எழுதிய கட்டுரை 1988-ல் 'லான்செட்' இதழில் வந்தது. 30 நாள் கீழாநெல்லிப் பொடி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ஹெச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ் ஆனது. வெறும் மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனால், மற்ற நாடுகளில் திரும்பச் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. அதனால் இன்றைக்கு ஹெபடைட்டிஸ் பி-க்கான நிரூபிக்கப்பட்ட சிகிச்சையாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. 'எங்க சித்தப்பாவுக்கு சரியாச்சே?' என்றால், தண்ணீரால் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். காமாலையில் மஞ்சள் ஒன்றுதான், வைரஸ்கள் வேறு வேறு. எது என்று டெஸ்ட்தான் சொல்லும்.

உங்களுக்கு என்ன வேலை?

உலகில் 25 கோடிக்கும் அதிகமானோர் நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி-யோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதில் இந்தியர்கள் சுமார் 3 கோடி. பலருக்கு அறிகுறியே இருக்காது. அதனால் இந்த நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள்.

* தடுப்பூசி: நாடு முழுக்க அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இது சேர்ந்தது 2011-ல். அதற்குமுன் பிறந்தவரா நீங்கள்? போட்டிருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். இல்லையென்றால் டாக்டரைப் பாருங்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக ஆறு மாதத்தில் மூன்று டோஸ்.
* குழந்தை: பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போட வேண்டும். பிறக்கும்போது தொற்றினால், பெரும்பாலும் அது நாள்பட்ட நோயாகிவிடும்.
* பரவும் வழி: ரத்தம், பாதுகாப்பற்ற உடலுறவு, பிரசவத்தின்போது தாயிடமிருந்து. ஷேவிங் பிளேடை யாரோடும் பகிராதீர்கள். டாட்டூ போடும்போது புது ஊசியா என்று கேளுங்கள்.
* பாசிட்டிவ் என்றால்: பயந்து ஒளிய வேண்டாம். வைரஸைக் கட்டுக்குள் வைக்க மாத்திரைகள் இருக்கின்றன. யாருக்கு எப்போது தேவை என்பதை டாக்டர் முடிவு செய்வார். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

இன்னொன்று. சேர்ந்து சாப்பிடுவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ இது பரவாது. நண்பர் ஒருவர் 'எனக்கு பாசிட்டிவ்டா' என்று சொன்னால், தட்டைத் தள்ளி வைக்காதீர்கள். அவரை டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க. போன கையோட, உங்க ரத்தத்தையும் ஒருமுறை கொடுத்துட்டு வாங்க!