ஐவி லீயும் ஒன்பது வாரச் சம்பளமும்

பிரஸ் ரிலீஸ் என்றாலே நமக்கெல்லாம் கொஞ்சம் இளக்காரம்தான். 'தவிர்க்க முடியாத காரணங்களால் ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று ஆரம்பிக்கும். யாருக்கு என்ன ஆச்சு, யார் பொறுப்பு என்று கடைசி வரி வரைக்கும் தேடினாலும் கிடைக்காது. ஆனா இந்த சமாச்சாரம் பிறந்த கதை வேற மாதிரிங்க.

1906 அக்டோபர் 28, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டிக்குப் பக்கத்தில், படகுகளுக்கு வழிவிடத் திறந்து மூடும் ஒரு ரயில் பாலம். அதன்மேல் வந்த மூன்று பெட்டி மின்சார ரயில் தடம் புரண்டு அப்படியே தண்ணீருக்குள் போய்விட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தத் தடம் பென்சில்வேனியா ரயில்வேயின் கைக்குள் இருந்தது.

அந்தக் காலத்து ரயில்வே முதலாளிகளுக்கு விபத்து என்றால் ஒரே வைத்தியம்தான்: வாயைத் திறக்காதே, நிருபர்களைக் கிட்டே சேர்க்காதே. ஐவி லெட்பெட்டர் லீ என்ற இளைஞர் இதை மாற்றினார். 1877-ல் பிறந்தவர், பிரின்ஸ்டனில் படித்தவர், நியூயார்க் பத்திரிகைகளில் நிருபராக வேலை பார்த்து அலுத்துப்போய், கம்பெனிகளுக்காக எழுதிக் கொடுக்கும் தொழிலுக்கு வந்தவர். என்ன நடந்தது என்பதை ரயில்வே தரப்பிலிருந்தே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். நியூயார்க் டைம்ஸ் அதை ஒரு வார்த்தை மாற்றாமல் அச்சடித்தது. உலகத்தின் முதல் பிரஸ் ரிலீஸ் இதுதான் என்று மக்கள் தொடர்புப் பாடப்புத்தகங்களில் போட்டிருப்பார்கள். (முதல், முதல் என்று சொல்லப்படும் எதையும் நான் கொஞ்சம் உப்பு போட்டுத்தான் சாப்பிடுவேன். அது கிடக்கட்டும்.)

அதே 1906-ல் நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்காக வேலை செய்தபோது லீ ஒரு கொள்கை அறிவிப்பும் விட்டார். சாராம்சம் இதுதான்: எங்கள் வேலை ஒளிவு மறைவில்லாதது. நாங்கள் தருவது செய்தி, விளம்பரம் இல்லை. தகவல் துல்லியமாக இருக்கும். யார் சார்பில் எழுதுகிறோம் என்று கேட்டால் சொல்வோம். எந்த ஆசிரியர் சரிபார்க்க விரும்பினாலும் உதவி செய்வோம்.

அலுவலகத்தில் பல வருஷம் அறிக்கை எழுதித் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த அறிவிப்பைப் படித்தால் பொறாமையாகத்தான் இருக்கு. சின்னச் சின்ன வாக்கியம். ஜவ்வு இல்லை. இன்றைக்கும் ஒரு கம்பெனி சுவரில் ஒட்டலாம்.

இனிமேல்தான் விஷயமே.

1913 செப்டம்பரில் கொலராடோவில் நிலக்கரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அங்கே இருந்த பெரிய கம்பெனியான கொலராடோ ஃப்யூயல் அண்ட் அயர்ன், ராக்ஃபெல்லர் குடும்பத்தின் பிடியில் இருந்தது. கம்பெனி வீடுகளிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் லட்லோ என்ற இடத்தில் கூடாரம் போட்டுக் குளிர்காலம் முழுக்க இருந்தன. 1914 ஏப்ரல் 20 அன்று மாநிலக் காவல்படை அந்தக் கூடாரங்கள்மீது சுட்டது. கூடாரங்கள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டுக்குப் பயந்து ஒரு கூடாரத்துக்கு அடியில் தோண்டிய குழியில் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் அங்கேயே செத்துப்போனார்கள்.

நாடே கொதித்தது. ஜூனியர் ராக்ஃபெல்லர் ஐவி லீயைக் கூப்பிட்டார். சம்பளம் மாதம் ஆயிரம் டாலர்.

லீ துண்டறிக்கைகளை வரிசையாக இறக்கினார். தலைப்பே பிரமாதம்: கொலராடோவில் தொழில் சுதந்திரத்துக்கான போராட்டம் பற்றிய உண்மைகள்! பத்திரிகை ஆசிரியர்கள், அரசியல்வாதிகள், பாதிரியார்கள், பேராசிரியர்கள் என்று நாடு முழுக்க அனுப்பினார்கள். அனுப்பியவர் பெயர்? கொலராடோ சுரங்க முதலாளிகளின் குழு. எழுதித் தயாரித்த லீயின் பெயர் எங்கேயும் இல்லை. 'ஒளிவு மறைவில்லாத வேலை' என்று எழுதி எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

ஒரு துண்டறிக்கையில் தொழிற்சங்கத் தலைவர்கள் ஒன்பது வாரத்துக்கு எவ்வளவு பணம் வாங்கினார்கள் என்று கணக்கு வந்தது. தொழிலாளி பட்டினி கிடக்கிறான், தலைவன் கொழிக்கிறான் என்று யாருக்கும் தோன்றும். உண்மையில் அது ஒரு வருஷத்துச் சம்பளமும் செலவும். எளிமையான வாக்கியம், தெளிவான எண், ஆனால் பச்சைப் பொய். தவறு என்று சங்கம் சொன்ன பிறகும் திருத்தம் லேசில் வரவில்லை. 1914 டிசம்பரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது.

1915-ல் ஃபிராங்க் வால்ஷ் தலைமையிலான தொழில் உறவுகள் ஆணையம் லீயைக் கூண்டில் ஏற்றியது. தகவல்களைச் சரிபார்க்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். ஒன்றும் செய்யவில்லை, முதலாளிகள் கொடுத்ததை வாங்கிப் போட்டேன் என்கிற தோரணையில் பதில் வந்தது. எனக்கு இந்த வரலாற்றிலேயே உறுத்துகிற இடம் இதுதான். அட்லாண்டிக் சிட்டி விபத்தில் பாலமும் பெட்டிகளும் எல்லார் கண் முன்னாலும் கிடந்தன. பொய் எழுதினால் மறுநாளே எந்த நிருபரும் கிழித்திருப்பார். லட்லோ தூரத்தில், மலைக்கு நடுவில் இருந்தது. பாஸ்டனில் துண்டறிக்கை படித்த பாதிரியார் எதை வைத்துச் சரிபார்ப்பார்? எழுத்து நடை இரண்டு இடத்திலும் ஒண்ணுதாங்க. கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் 'கூலிக்குப் பொய் சொல்பவர்' என்று லீயைத் தாக்கி எழுதினார். அப்டன் சிங்க்ளேர் விஷக்கொடியின் பெயரை வைத்து 'பாய்சன் ஐவி' என்றார். அந்தப் பட்டம் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

அந்த வருஷம் செப்டம்பரில் ஜூனியர் ராக்ஃபெல்லர் கொலராடோ போய்ச் சுரங்கத் தொழிலாளிகளோடு சாப்பிட்டார், அவர்கள் மனைவிமாரோடு நடனம் ஆடினார். கூடப்போனவர், பின்னாளில் கனடா பிரதமரான மெக்கன்சி கிங். படம் நன்றாக ஓடியது. கம்பெனியே நடத்தும் பிரதிநிதிகள் சபை ஒன்று தொழிலாளிகளுக்குக் கிடைத்தது. அவர்கள் கேட்ட சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைக்கவில்லை.

லீ அதற்கப்புறமும் பெரிய ஆளாகத்தான் இருந்தார். 1934-ல் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் ரசாயனக் கம்பெனியிடம் வருஷத்துக்கு 25,000 டாலர் வாங்குகிறார் என்று தெரிந்ததும் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. ஹிட்லர் ஆட்சி வந்து ஒரு வருஷம் தாண்டியிருந்த நேரம். யூதர்களை நடத்தும் விதத்தை அமெரிக்கர்கள் ஒருநாளும் ஏற்கமாட்டார்கள் என்றுதான் அவர்களிடம் சொன்னேன் என்றார் லீ. அந்த நவம்பரிலேயே மூளைக் கட்டியால் இறந்தார், வயது 57.

அந்தக் குழுவின் விசாரணைகளிலிருந்து 1938-ல் ஒரு சட்டம் பிறந்தது. வெளிநாட்டாருக்காக அமெரிக்காவில் பிரசாரம் செய்பவர், யாருக்காகச் செய்கிறார், யார் காசு என்று அரசிடம் பதிவு செய்யவேண்டும். கேட்டால் சொல்வோம் என்று லீ 1906-ல் தானாக எழுதிக்கொடுத்த அதே சங்கதி.