சின்னப்பரும் பவுலும்

முள்ளிவாய்க்கால் கிழக்கிலே புனித பவுலின் பெயர் தாங்கிய கத்தோலிக்க ஆலயம் ஒன்று உண்டு. அந்த அப்போஸ்தலரைத் தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலம் சின்னப்பர் என்றே அழைத்தனர். பவுல் என்பது புரொட்டஸ்தாந்தரின் வழக்கு. பேதுருவுக்கு இராயப்பர், யோவானுக்கு அருளப்பர். ஒருவர் சர்வேசுரனைத் தொழ, மற்றவர் பராபரனைத் தொழுதார். பாப்பரசரின் அதிகாரம், மாதா வணக்கம், பூசைப்பலி ஆகியவற்றில் இரு சாராருக்கும் உள்ள வேற்றுமை மெய்யானது. அதை மூடிமறைத்து ஒற்றுமை பேசுவது வீண். ஆயின் ஐரோப்பாவிற் பிறந்த அந்த வழக்கு நம் கரைக்கு எவ்வாறு வந்தது? பீரங்கியோடு வந்தது.

1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்த ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்தனர். ஆலயங்களைத் தம் சபைக்கு எடுத்துக்கொண்டனர். உத்தியோகம் வேண்டியவன் அவர்களுடைய ஞானஸ்நானத்தையும் ஏற்க வேண்டியிருந்தது. 1670இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதா சொரூபத்தைச் சுமந்து மடுக் காட்டுக்குள் சென்றன என்பது மரபு. 1687இல் கோவைக் குருவான யோசேப்பு வாஸ் அடிகள் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தார். ஒடுக்கப்பட்ட சபையின் கையிலும் கறை இருந்தது: முன்னர் போர்த்துக்கேயர் இடித்த சைவக் கோவில்களை நாம் மறப்பதற்கில்லை.

ஆங்கிலேயர் காலத்திலே பகை அச்சுக்கூடத்துக்கு இடம்பெயர்ந்தது. அமெரிக்க மிஷனாரின் 'உதயதாரகை' 1841இலும், கத்தோலிக்கரின் 'சத்தியவேத பாதுகாவலன்' 1876இலும் யாழ்ப்பாணத்தில் தோன்றின. அவ்வாதங்களால் தமிழ் உரைநடை வளர்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிரிந்த சபைகளைச் சகோதரர் என ஏற்றது. 1995இல் இரு சாராரும் கூடி மொழிபெயர்த்த பொதுத் திருவிவிலியம் தமிழகத்தில் வெளிவந்தது. கத்தோலிக்கர் சின்னப்பரை விட்டுப் பவுலை ஏற்றனர். புரொட்டஸ்தாந்தரின் ஆலயங்கள் பலவற்றிலோ பழைய மொழிபெயர்ப்பே இன்றும் வாசிக்கப்படுகிறது. விட்டுக்கொடுத்தவர் யார் என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம்.

2009 மே 18இல் முடிந்த போரின் இறுதி வாரங்களில், முள்ளிவாய்க்கால் மணலிலே பதுங்குகுழி வெட்டியவர்களிற் சைவரும் இருந்தனர், இரு சபையாரும் இருந்தனர். அன்று சரணடைந்தோருடன் சென்ற கத்தோலிக்கக் குரு பிரான்சிஸ் ஜோசப் அடிகள் திரும்பவில்லை. கணக்கில் வராதோர் 1,46,679 பேர் என அரசின் ஆணைக்குழு முன் 2011இல் சொன்னவர் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு. பழைய கத்தோலிக்க வழக்கு அவருடைய பெயரிலே எஞ்சியிருந்தது.

2017 மே மாதத்தில், நாம் முதலிற் குறித்த ஆலயத்தருகே, இறந்தோரின் பெயர் பொறித்த கற்களை வைத்து நினைவுகூர ஏற்பாடாயிற்று. பொலிசார் கேட்க, நீதிமன்றம் தடை விதித்தது. சின்னப்பரா பவுலா என்று அங்கே எவரும் வாதிடவில்லை. கல்லில் உள்ள பெயர்கள் யாருடையவை என்று பொலிசார் விசாரித்தார்கள்.