ஊவா மலைச்சரிவில் கோடியலும் பாணியும் – ஒரு வரலாற்று நோக்கு

ஊவா மாகாணத்தின் பொருளாதார வரலாறு பெரும்பாலும் கோப்பி, தேயிலை என்னும் இரு பயிர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கப்பலேறிய பொருளுக்குக் கணக்கு உண்டு. உள்ளூரிற் காய்ச்சி, உள்ளூரிற் பருகப்பட்டதற்குக் கணக்கு அரிது. பெரகலைச் சந்தியிலிருந்து ஒரு வீதி அப்புத்தளைக்கு ஏறுகின்றது. மற்றொன்று கொஸ்லந்த வழியாக வெல்லவாயவை நோக்கி இறங்குகின்றது. மேல்வீதி இட்டுச்செல்லும் மலையில் ஐரோப்பியத் துறவிகளின் மரபில் வந்த பழரசத் தொழிலொன்று நடைபெறுகின்றது. கீழ்ச்சரிவுக் கிராமங்களில் அதனினும் மிகப் பழைய கித்துள் தொழில் உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குதலும், இடையிலே வாழ்ந்த தோட்டத் தொழிலாளருக்கு இவற்றில் என்ன பங்கு கிடைத்தது என வினவுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் துறவிகளைப் பார்ப்போம். மேலைத் துறவற மரபுக்கு ஒழுங்கு வகுத்தவர் 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித பெனடிக்ட் ஆவார். தமிழ்க் கத்தோலிக்கர் அவரை ஆசீர்வாதப்பர் என்பர். அவருடைய ஒழுங்குநூலின் 40ஆம் அதிகாரம் திராட்சை மதுவின் அளவு பற்றியது. மது துறவிக்கு ஏற்றதன்று என்பதே அவருடைய உள்ளக்கருத்து. எனினும் தம் காலத்துத் துறவிகளை அதற்கு இணங்க வைத்தல் இயலாதெனக் கண்டு, நாளொன்றுக்கு ஒருவருக்கு ஒரு ‘ஹெமினா’ போதுமென்று விதித்தார். அது ஏறக்குறையக் கால் லீற்றர் என்பர். மதுவே கிடைக்காத இடத்தில் வாழ்வோர் முறுமுறுக்காது இறைவனைப் போற்றவேண்டும் என்றும் அவ்வதிகாரம் கூறுகின்றது. கொடி வளராத நாடுகளுக்கும் தம் சீடர் செல்லக்கூடும் என்பதை எண்ணியே அவர் இதனை எழுதினார் போலும். 57ஆம் அதிகாரம் மடத்துக் கைத்தொழிலாளரைப் பற்றியது. அவர்கள் செய்யும் பொருளை வெளியார் விற்பதிலும் சற்றுக் குறைந்த விலைக்கே விற்கவேண்டும் என்பது அதன் விதி. ஐரோப்பாவின் மடங்கள் பல தத்தம் கொடித்தோட்டங்களில் சிறு அளவில் மது வடித்தமை இவ்வொழுங்கின் வழி வந்ததே.

இம்மரபின் ஒரு கிளையான சில்வெஸ்திரோ சபை 1231இல் இத்தாலியின் பப்ரியானோ நகருக்கு அண்மையில், மொந்தேபானோ மலையில் தோன்றியது. அப்பிரதேசம் இன்றும் திராட்சை மதுவுக்குப் பெயர்பெற்றது. 1845இல் இச்சபையார் இலங்கைக்கு வந்தனர். 1883இல் கண்டி தனி மறைத்தளமானபோது அது அவர்கள் பொறுப்பாயிற்று. ஊவாவும் அதனுள் அடங்கியிருந்தது. பதுளை தனி மறைமாவட்டமானது 1972இலேதான். அப்புத்தளையிலுள்ள அடிஷம் மாளிகையை அவர்கள் வாங்கியது 1961இல். அம்மாளிகையோ துறவிகளுக்காக எழுந்ததன்று. ஜோர்ஜ் ஸ்டுவாட் கம்பனியின் தலைவராயிருந்த சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்னும் ஆங்கிலேயர், தாம் பிறந்த கென்ற் மாவட்டக் கிராமத்தின் பெயரை இட்டு, 1931இல் கருங்கல்லாற் கட்டுவித்த இல்லம் அது. அருகிலுள்ள காப்புக்காட்டுக்கோ தங்கமலை என்று பெயர். ஆங்கிலப் பெயர் மாளிகைக்கும் தமிழ்ப் பெயர் காட்டுக்கும் நின்றுவிட்டன.

ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில், மூடுபனியும் பருவமழையும் ஓயாத அம்மலையில் திராட்சை செழிக்காது. ஆகவே துறவிகள் கைக்கெட்டிய பழங்களையே தொழிலுக்கு எடுத்துக்கொண்டனர். கொய்யா ஜெலி, ஸ்ட்ரோபெரி ஜாம், பழக்கோடியல் முதலியன அங்கே சிறு அளவிற் காய்ச்சப்பட்டு, மடத்துக் கடையிலேயே விற்கப்படுகின்றன. மது செய்தலும் கோடியல் செய்தலும் ஒரே பழச்சாற்றில் தொடங்கி எதிரெதிராய்ப் பிரிவன. சாற்றிலுள்ள வெல்லத்தை மதுவம் உண்ண விடுதல் முன்னையது. மதுவம் வாழவொண்ணாதபடி சீனியைப் பெருக்கிச் சூடேற்றுதல் பின்னையது. ஜெலியில் கரைபொருள் நூற்றுக்கு 65 அளவை எட்டும்போது நொதித்தலுக்கு இடமே இல்லாது போகின்றது. கோடியலை ‘தடுக்கப்பட்ட மது’ என்று கூறினும் பொருந்தும்.

கித்துள் பாணியும் இதுவே. கித்துள் மரத்தின் பாளையைச் சீவி வடியும் நீரைத் தன்போக்கில் விட்டால் சில மணி நேரத்திற் கள்ளாகிவிடும். யாழ்ப்பாணத்தில் பனையின் முட்டிக்குச் சுண்ணாம்பு பூசிப் பதநீரைக் காப்பதுபோல, சிங்களக் கிராமத்தார் கலயத்தில் ஹல் மரப்பட்டையை இட்டு நொதித்தலைத் தாமதப்படுத்துவர். பின் அதனைக் காய்ச்சினாற் பாணி. மேலும் இறுக்கினாற் கருப்பட்டி. கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் இம்மரத்தையும் இனிய நீரையும் கருப்பட்டியையும் விவரித்துள்ளார். அவர் வருணிக்கும் தொழிலுக்கும் இன்று ஊவாவில் நடைபெறும் தொழிலுக்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. துறவியும் கித்துள் சீவுவோனும் ஒருவரிடமொருவர் கற்றாரல்லர். ஆயினும் இருவரும் அடுப்பங்கரையில் ஒரே செயலையே புரிகின்றனர்.

இதனை ‘ஐரோப்பிய மரபும் உள்ளூர் மரபும் கலந்த கலவை’ என எளிதிற் கூறிவிடலாம். அவ்வாறு கூறுதல் எமக்கு முற்றும் உடன்பாடன்று. கொய்யா அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்தது, ஸ்ட்ரோபெரியும் வந்தேறியே. உண்மையான கலவையைக் காண வடக்கே செல்லவேண்டும். வசாவிளானை அடுத்த தோலகட்டியில் 1928இல் தோமஸ் அடிகளார் நிறுவிய செபமாலைத் தாசர் ஆச்சிரமம் திராட்சை இரசத்துக்கும் நெல்லி இரசத்துக்கும் பெயர்பெற்றது. யாழ்ப்பாணத்து வெயிலில் முந்திரிகைக் கொடி காய்க்கும் என்பதால் அங்கே மேலைத்தேய முறை மண்ணில் வேர்கொள்ள முடிந்தது. திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியினின்றே பெறப்படவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். இவ்வகையில் வடக்கின் தட்பவெப்பம் துறவிகளுக்குத் துணைநின்றது. ஊவாவின் குளிரோ நிற்கவில்லை.

குளிரை மட்டுமே காரணமாக்குதல் தகாது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் கள் இறக்குதல், மது செய்தல், விற்றல் யாவற்றையும் அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்தியது. அதன்பின் பாணி காய்ச்சுதல் வீட்டுத்தொழில். அதே நீரை ஓர் இரவு வைத்திருத்தல் குற்றம். கோடியலுக்கும் பழமதுவுக்கும் இடையிலும் அச்சட்டமே வேலியாயிற்று. சட்டம் இயற்றிய அரசுக்கு மதுவின்மேல் வெறுப்பு இருந்ததா என்றால், இல்லை. 19ஆம் நூற்றாண்டு முழுவதும் சாராயக் குத்தகை அதன் முக்கிய வருவாய்களுள் ஒன்று. கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது குத்தகைக்காரருக்குப் புதிய சந்தை திறந்தது. இலங்கை முதலாளி வர்க்கத்தின் தொடக்க மூலதனம் பெருமளவு இச்சாராயக் குத்தகையிலிருந்தே திரண்டது எனக் குமாரி ஜெயவர்த்தன 2000இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவியுள்ளார். 1912இன் மதுவிலக்கு இயக்கம் தவறணைகளை எதிர்த்து எழுந்து, பிற்காலத் தேசியத் தலைவர்களையும் உருவாக்கியது. ‘தவறணை’ என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து நாம் பெற்றது. ஐரோப்பிய மது மரபு மலையகத் தமிழரை வந்தடைந்த வடிவம் அச்சொல்தான் என்று கூறத் தோன்றுகின்றது.

தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் பனையும் தென்னையும் நின்ற நாட்டினர். தேயிலை மலையிற் பனை இல்லை. கித்துள் நின்ற நிலமோ கிராமத்தாருடையது. லயத்தில் வாழ்ந்தவனுக்குத் தனக்கெனச் சீவ ஒரு மரமும், காய்ச்ச ஒரு பழத்தோட்டமும் இருக்கவில்லை. தான் கொழுந்து பறித்த மலையில் தனக்கென ஒரு பானத்தை ஆக்கிக்கொள்ளும் உரிமை அவனுக்கு வாய்க்கவில்லை. வாங்கிக் குடிக்கும் வாய்ப்பு மட்டும் தாராளமாய் வாய்த்தது. அதற்கு அப்பாற் சென்று கசிப்பு வடித்தவன் நீதிமன்றத்துக்குச் சென்றான். துறவியின் பலிபீடத்துக்குத் திராட்சை இரசம் தொலைவிலிருந்து வந்தாகவேண்டும் என்பதுபோல, தோட்டத்து மாடசாமிக்கும் முனியாண்டிக்கும் ஆண்டுப் பூசையிற் படைக்கும் சாராயமும் வெளியிலிருந்தே வரவேண்டியிருந்தது. சுருட்டுக்கும் கோழிக்கும் பக்கத்தில் வைக்கப்படுவது தவறணையில் வாங்கிய போத்தல். அதன் விலையில் ஒரு பகுதி அரசின் மதுவரி.