ஃபிரோஸா: ஐயாயிரம் வருடத்துப் போலி

ஊரிலிருந்து யார் ஜெய்ப்பூர் வந்தாலும், ஹவா மஹாலுக்கு அடுத்து ஜோஹ்ரி பஜாருக்குத்தான் போகிறார்கள். அங்கே வெள்ளியில் பதித்த வானநீலக் கல்லைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இது ஒரிஜினலா?"

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. காரணம், இந்தக் கல்லுக்குப் போலி செய்வது நேற்று தொடங்கிய வேலை இல்லை.

நம்மவர்களுக்கு டர்க்காய்ஸ் பழக்கமில்லாத கல். நவரத்தினத்தில் அதற்கு இடமில்லை. வைரத்தோட்டைத் திருப்பிப் பார்த்துத் தரம் சொல்ல வீட்டுக்கு ஒரு பாட்டி உண்டு; இதைப் பார்த்துச் சொல்ல யாரும் இல்லை. வடக்கே இதற்கு ஃபிரோஸா என்று பெயர். வெற்றி என்று பொருள்படும் பாரசீகச் சொல்லோடு சேர்ந்த பெயர். நமக்குத் தெரிந்த பிரோஸ் என்ற பெயரும் அதே வேர்தான். கல் கிடைத்தது பாரசீகத்தில். ஆனால் துருக்கிச் சந்தைகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால், பிரெஞ்சுக்காரர்கள் "துருக்கிக் கல்" என்ற பொருளில் டர்க்காய்ஸ் என்றார்கள். ஆக, பெயரிலேயே ஊர் மாறிவிட்டது!

நல்ல கல் எப்போதுமே குறைவு. இரானில் நிஷாப்பூர் சுரங்கம் இரண்டாயிரம் வருடங்களுக்கு மேல் பழையது. 1676-ல் தன் பயணநூலை வெளியிட்ட தாவெர்னியே என்ற பிரெஞ்சு நகை வியாபாரி, அங்கே பழைய சுரங்கத்துக் கல்லைப் பாரசீக மன்னர் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டதாக எழுதுகிறார். புதிய சுரங்கத்தின் வெளிறிய கல்தான் எல்லோருக்கும் கிடைத்ததாம். நல்ல சரக்கு வெளியே வராமல் ஆசை மட்டும் வெளியே இருந்தால் என்ன ஆகும்? போலி வரும்.

அந்தப் போலிக்கும் நீண்ட சரித்திரம் உண்டு. எகிப்தியர்கள் சினாய் மலைகளில் டர்க்காய்ஸ் வெட்டினார்கள். ஹாத்தோர் தேவிக்கு "டர்க்காய்ஸின் தலைவி" என்றே பட்டம். அதே எகிப்தில் கி.மு. 3000-க்கு முன்பே, குவார்ட்ஸ் தூளையும் செம்புச் சேர்மத்தையும் சேர்த்துச் சுட்டு, நீலப்பச்சைப் பளபளப்புள்ள ஃபையான்ஸ் மணிகள் செய்தார்கள். நம் சிந்துவெளியிலும் ஃபையான்ஸ் உண்டு.

பிறகு பிரான்ஸ். தெற்கே சிமோர் பகுதியில் கிடைத்த நீலக் கல்லை ரியோமூர் என்ற விஞ்ஞானி ஆராய்ந்து 1715-ல் எழுதினார். அது கல்லே இல்லை. யானை இனத்தைச் சேர்ந்த பழங்கால விலங்கின் புதைபடிவப் பல்! சூடாக்கினால் நீலமாகிவிடும். உண்மை டர்க்காய்ஸுக்கு நீலம் தருவது செம்பு. இந்தப் பல்லுக்கு மாங்கனீஸ் என்று பிற்கால ஆய்வில் தெரிந்தது.

அடுத்தது கனடா. 1868-ல் நோவா ஸ்கோஷியாவில் ஹென்றி ஹவ் என்பவர் ஒரு வெள்ளைக் கனிமத்தை விவரித்தார். அவர் பெயராலேயே ஹவ்லைட். இயற்கையாகவே கருப்பு நரம்பு ஓடும். சாயத்தை நன்றாக இழுக்கும். போலி செய்ய வேறென்ன வேண்டும்? இன்று கடைகளில் டர்க்காய்ஸ் என்று விற்பதில் சாயம் போட்ட ஹவ்லைட்டும் மாக்னஸைட்டும் நிறைய.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டில் பார்க்கக்கூடியவை இவை:

1. மணியின் துளைக்குள் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் சாயம்.

2. லென்ஸில் பாருங்கள். விரிசல்களில் நீலம் தேங்கியிருந்தால் சாயம்; குமிழ் தெரிந்தால் கண்ணாடி.

3. எல்லா மணியும் ஒரே நிறம், ஒரே நரம்பு, விலையும் மலிவு என்றால் சந்தேகப்படுங்கள்.

4. ஊசியைச் சுடவைத்துக் குத்தும் சோதனையை நம்பாதீர்கள். இயற்கைக் கல் பெரும்பாலும் மென்மையானது என்பதால் ரெசின் ஏற்றி உறுதிப்படுத்துகிறார்கள். அதுவும் பிளாஸ்டிக் வாசனை அடிக்கும். நல்ல கல்லில் ஓட்டை விழுவதுதான் மிச்சம்.

இன்னொன்று, நிறம் மாறுவது. எங்கள் குடியிருப்பில் கும்பகோணத்து அக்கா ஒருவர், கணவர் வாங்கித் தந்த மோதிரத்தையும் ஒரு நீல மணிமாலையையும் கொண்டுவந்தார். "தம்பி, மோதிரக் கல்லு பச்சையாயிடுச்சு. போலிதானே? எல்லாரும் அவரை ஏமாந்துட்டார்னு சொல்றாங்க. கல்லை எடுத்துப் போட்டுட்டுத் தங்கத்தை வித்துடலாமா?" என்றார். மாலை மட்டும் அன்று வாங்கியது போலப் பளிச்சென்று இருந்தது. இரண்டையும் இங்குள்ள ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கச் சொன்னேன். அறிக்கை வந்தது: மோதிரத்தில் இயற்கை டர்க்காய்ஸ்; மாலை சாயம் போட்ட மாக்னஸைட்.

இது நுண்துளைக் கல். எண்ணெய், வியர்வை, சோப்பு, சென்ட் எல்லாவற்றையும் உறிஞ்சிப் பச்சையாகும். தலைக்கு எண்ணெய் வைக்கும் நம் கைகளுக்குச் சொல்லவா வேண்டும்! பதினைந்து வருடமாகப் போன மனிதரைக் குறை சொல்லிக்கொண்டிருந்த வீடு அது. அறிக்கையைப் படித்துவிட்டு அக்கா வெகுநேரம் பேசவில்லை.

நான் பி.காம். படித்தவன்; கல் என் பாடமில்லை. ஆனால் நகைக்கடன் மேஜையில் உட்கார்ந்தவன் என்பதால் ஒன்று சொல்வேன். வங்கியில் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்குத்தான் கடன். உண்மைக் கல்லானாலும் போலியானாலும் எங்கள் கணக்கில் பூஜ்யம்தான். அதனால் கல்லுக்குக் கொடுக்கும் பணத்துக்கு உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் பில்.

"டர்க்காய்ஸ்" என்று மட்டும் எழுதிய பில்லை வாங்காதீர்கள். இயற்கையா, ரெசின் ஏற்றியதா, தூளை ஒட்டிச் செய்ததா, சாயமா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஹவ்லைட் மாலையை ஹவ்லைட் விலைக்கு வாங்குவதில் தவறே இல்லை, அழகாகத்தான் இருக்கும். எழுதித் தரத் தயங்கும் கடையில் மட்டும், கல் எவ்வளவு நீலமாக இருந்தாலும், வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.